மூன்று மணிக்குப் பெய்யாத மழை

மெமரியை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று, புதிதாக வேலைக்கு வந்த உங்களில் யாராவது வாயெல்லாம் பல்லாக என் எதிரில் வந்து நின்றால் எனக்குப் பயம்தான் வரும். பொறாமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல், கம்ப்யூட்டரின் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கெர்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவள் நான். மிச்சம் பிடிப்பதில் உங்கள் யாருக்கும் குறைந்த ஆசைக்காரி இல்லை. அந்த ஆசைதான் என்னை ஒரு நாள் கொல்லிமலைக்கு ஏற்றிக் கொண்டுபோய், பட்டப்பகலில் நடுங்க வைத்து, ஒரு பெண்ணின் முன்னால் தலைகுனிய வைத்தது. அந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன், காபி ஆறட்டும், கேளுங்கள்.

மலைப்பாதையில் மண் சரியும் ஆபத்தை முன்கூட்டியே சொல்வதற்கு அங்கங்கே மழை அளக்கும் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருள் எங்களுடையது. அரை மணிக்கு ஒருமுறை, அன்று அதுவரை எவ்வளவு மழை பெய்தது என்று பெட்டி ஓர் அறிக்கை அனுப்பும். சின்னப் பெட்டி, துளியூண்டு மெமரி. முதல் மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மெமரி நிரம்பி மூச்சுத் திணறி நின்றது. காரணத்தைத் தேடிப் பிடித்தவள் நான்.

ஒரு புரோகிராம் தன்னைப் போலவே ஒரு பிள்ளைப் புரோகிராமை உண்டாக்கும்போது, கெர்னல் மெமரி முழுவதையும் உடனே நகல் எடுப்பதில்லை. இப்போதைக்கு இரண்டு பேரும் மெமரியின் ஒரே பக்கங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும். யாராவது எழுத வந்தால்தான் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து, எழுத வந்தவர் கையில் கொடுக்கும். காப்பி ஆன் ரைட் என்று நீங்கள் படித்தது இதுதான். எங்கள் பெட்டியில் ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், அறிக்கையைக் கட்டி, போன் சிக்னலில் அனுப்பும் மோடத்திடம் ஒப்படைக்கும், முடிந்து போகும். பிள்ளை போன பிறகும் தாய்ப் புரோகிராம் எழுத வரும்போதெல்லாம் கெர்னல் நகல் எடுத்துக்கொண்டே இருந்தது. ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்கு இரண்டாவது சாவி? பக்கத்தை வைத்திருக்கும் புரோகிராம் ஒன்றே ஒன்றுதான் என்றால் நகல் வேண்டாம், அதே இடத்தில் எழுது என்று திருத்தினேன். பெட்டிகள் நிற்காமல் ஓடின. மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அப்புறம் கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற ஊர்ப்பகுதியிலிருந்து சிக்கல் வந்தது. பெட்டி வைத்த முதல் பருவத்தில் மனிதர் அளந்த கணக்கையும் பெட்டியின் கணக்கையும் ஒப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே மழைமானி பார்ப்பவர் பழனியம்மா, பெட்டியைப் போலவே அரை மணிக்கு ஒருமுறை அன்று அதுவரை பெய்ததை எழுதுவார். ஆறு வருடமாக அந்த வேலையில் இருப்பவர். அவருடைய நோட்டில் ஒரு நாள், ‘மூன்று மணி, பூஜ்யம், நல்ல வெயில்’ என்று இருந்தது. பெட்டியின் மூன்று மணி அறிக்கையிலோ பதினான்கு மில்லிமீட்டர் மழை. ஒரு நாள் அல்ல, மூன்று வாரத்தில் பத்துப் பதினோரு நாள் இப்படி. பெட்டிகளை வைத்த திட்ட அலுவலகம் எளிதாக முடிவுக்கு வந்துவிட்டது. அந்த அம்மா நேரத்துக்கு இடத்துக்குப் போவதில்லை, வீட்டில் உட்கார்ந்து குத்துமதிப்பாக எழுதுகிறார் என்றார்கள். பெட்டியில் குற்றமில்லை என்று எங்கள் பக்கமிருந்து ஒரு கையெழுத்து கிடைத்தால் அவரை நீக்கிவிடுவார்கள். அந்தக் கையெழுத்தைப் போடத்தான் என்னை அனுப்பினார்கள்.

காலையில் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட பஸ் நெடுநேரம் நின்றது. எப்போது போய்ச் சேருவோமோ என்று எரிச்சலோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மணி பதினொன்று. இந்த நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழனியம்மா பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். கக்கத்தில் நோட்டு. என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ஏனுங்க மேடம், என்னையத் தூக்கறதுக்கா வந்திருக்கீங்க?” என்றார்.

“பெட்டியைப் பார்க்க வந்திருக்கேன்” என்றேன்.

“பாருங்க, நல்லாப் பாருங்க. அதுக்கு மழை வாரது முன்னாடியே தெரியுதுங்க. நான் சொன்னா ஆபீசுல சிரிக்கிறாங்க. ஊருக்குள்ள சிரிக்கலீங்க. பயப்படறாங்க.”

ஒற்றையடிப் பாதையில் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இறங்கினோம். பெட்டி ஒரு பள்ளத்தில், கம்பி வேலிக்குள் நின்றது. பக்கத்திலேயே அவருடைய மழைமானி. பெட்டியின் காலடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள், இரண்டு பாதியாக அறுத்து வைத்தவை. ஒன்று புதிது, மற்றவை காய்ந்து கறுத்திருந்தன. சுற்றிலும் செருப்புத் தடமே இல்லை. பாதையில் வருபவர்கள் அந்த இடத்துக்கு முன்னமே மேட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு போவதாகப் புல் மிதிபட்டிருந்தது.

“யார் வைத்தது?” என்று எலுமிச்சம்பழத்தைக் காட்டிக் கேட்டேன்.

“யாரு வெச்சா என்னங்க? நான் அதுக்குப் பூசை போட்டு மழைய வரவெக்கறேன்னு ஒரு பேச்சு. நான் பொய்க்கணக்கு எழுதறேன்னு ஆபீசுல ஒரு பேச்சு. ரெண்டுல எது நல்ல பேருன்னு நீங்களே சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பூட்டைத் திறந்தேன். பெட்டியின் சாவி ஒன்றே ஒன்றுதான், அது காலையிலிருந்து என் கைப்பையில் இருந்தது. மூடியைத் திறந்தபோது மணி பதினொன்று இருபது. மோடத்தின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூடியைச் சாத்தினேன். மழை அளவோடு, மூடி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதையும் பெட்டி அன்றன்றைக்கு எண்ணி அறிக்கையில் சேர்க்கும். யாரும் கைவைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

பள்ளத்தில் போன் எடுக்காது. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் நின்றால் கிடைக்கும் என்றார் பழனியம்மா. மூச்சு வாங்க ஏறி, எங்கள் மேலாளரைக் கூப்பிட்டேன். என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் அவருக்கு.

“பெட்டியில குறை எதுவும் தெரியல. நான் மூடியைத் திறந்தது பதிவாகியிருக்கா?” என்றேன்.

“ஆகியிருக்கு மேடம். பதினொரு மணி அறிக்கையிலேயே ஒரு தடவை திறந்ததா வந்திருக்கு.”

“பதினொன்றரை அறிக்கையில்.”

“இல்லையே. பதினொரு மணி அறிக்கையில. நீங்க அப்ப அங்க இல்லையா?”

நான் அப்போது வளைவில் நின்ற பஸ்ஸுக்குள் இருந்தேன். சாவி என் மடியில் இருந்தது.

“அப்படின்னா யாரோ உங்களுக்கு முன்னாடியே திறந்திருக்காங்க. அந்தம்மாவைக் கேளுங்க” என்றார் அவர்.

பாறையிலிருந்து கீழே பார்த்தேன். பழனியம்மா வேலியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பனிமூட்டம் பள்ளத்துக்குள் இறங்கி, பெட்டியின் கால்கள் மறைந்து, பெட்டி மட்டும் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. நடுப்பகல்தான். எங்கோ ஆடு கத்தியது. எனக்குப் பயம் வந்தது என்பதைச் சொல்ல வெட்கமில்லை. பூட்டு உடைபடவில்லை, வேறு சாவி கிடையாது. நான் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே நான் வந்துவிட்டதாக அந்தப் பெட்டி எழுதி வைத்திருந்தது.

இறங்கி வந்து கேட்டேன். “இன்னைக்குக் காலையில் யாராவது இதைத் திறந்தாங்களா?”

அவர், “பத்தரை அளவு எடுத்துட்டு ரோட்டுக்கு ஏறுனவதானுங்க, பதினொண்ணை விட்டுப்போட்டு உங்களுக்காகத்தான் நின்னேன். ஆபீசுல அப்புடித்தான் நிக்கச் சொன்னாங்க. அங்க பத்துப் பேரு பாத்திருக்காங்க” என்றார். தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நாம் யார் என்பது தெரியும். மேலாளர் காட்டிய வழி சுலபம், பழி அந்த அம்மாமேல் விழட்டும். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, கையெழுத்திட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். கைகூடப் பெட்டியின் வெளிப்பக்கம் இருந்த அணைக்கும் பொத்தானுக்குப் போயிற்று. அணைத்தால் உள்ளே இருக்கும் தடயம் அத்தனையும் போய்விடும், அதனால் கையை இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டு தாண்டும்வரை பெட்டியைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு மணி அறிக்கையில் ‘மூடி ஒரு தடவை’ என்றுதான் இருக்க வேண்டும். பன்னிரண்டு பத்துக்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி மூன்று முறை திறந்து மூடினேன். விளக்கு அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்தது. காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு மறுபடி பாறை.

“பன்னிரண்டு மணி அறிக்கையில் மூடி எத்தனை?”

“நாலு” என்றார் மேலாளர்.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு நான் பெட்டியைத் தொடாமல் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன், மூன்று முறை திறப்பது என்ற எண்ணம் என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. அது எப்படி அதற்குத் தெரியும்? படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம் போய், கீழே இருக்கிற எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்துத் தலையைச் சுற்றிப் போடலாமா என்றுகூடத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது அறிவு அல்ல, அந்த மினுக்கல். மோடத்தின் விளக்கு மினுக்கினால், அனுப்ப வேண்டியதை இன்னும் அனுப்பவில்லை, சிக்னலுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அந்தப் பள்ளத்தில் வெயில் அடிக்கும்போதே சிக்னல் தாமதமாகும், மூட்டம் இறங்கினால் அரை மணிகூடக் காத்திருக்கும். பன்னிரண்டு மணி அறிக்கை, நான் மூடியைத் திறந்தபோது, இன்னும் பெட்டிக்குள்ளேதான் இருந்தது. அதைக் கட்டிக் கொடுத்த பிள்ளைப் புரோகிராம் முடிந்துபோய்விட்டது. ஆனால் மோடம் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மோடம் புரோகிராம் இல்லையே! என் திருத்தம் புரோகிராம்களை மட்டும்தான் எண்ணியது. வைத்திருப்பது தாய் ஒன்றுதான் என்று முடிவு கட்டி, அனுப்பக் காத்திருந்த பக்கத்தின் மேலேயே புது எண்ணிக்கையை எழுதச் சொன்னது. பன்னிரண்டு மணி என்ற நேரம் வேறொரு பக்கத்தில் பத்திரமாக இருந்தது. நேரம் பழையது, உள்ளே இருப்பது புதியது. மூன்று மணிக்குப் பிறகு பெய்த மழை மூன்று மணி அறிக்கைக்குள் போனதும் இப்படித்தான்.

பெட்டிக்கு எதிர்காலம் எதுவும் தெரியாது. போன நேரத்தை நான்தான் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் நகரத்து அலுவலகத்தில் சிக்னல் கண் இமைப்பதற்குள் போய்விடும், அதனால் சோதனையில் இது தலைகாட்டவே இல்லை. திருத்தத்தைச் சரிபார்த்த சக ஊழியர் ஒருவர், புரோகிராம் அல்லாத ஏதாவது அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதியிருந்தார். ‘அப்படி நடக்க வாய்ப்பில்லை’ என்று ஒரே வரியில் அவர் வாயை அடைத்தேன். பேய்க்குப் பயந்த பயத்தைவிட, அந்த வரி ஞாபகம் வந்தபோது வந்த பயம் பெரிது.

ஓடி இறங்கி, “உங்க நோட்டைக் கொடுங்க” என்றேன்.

பழனியம்மா தயங்கினார். வாங்கிப் புரட்டியபோது தயக்கத்தின் காரணம் புரிந்தது. கடைசி மூன்று நாட்களில் அவர் தன் அளவுகளைத் திருத்தியிருந்தார். பெட்டி சொன்ன எண்ணையே எழுதியிருந்தார்.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“தெனமும் போன் பண்ணி, பொட்டில இவ்வளவு இருக்குது உனக்கு மட்டும் எப்படி இல்லைன்னு கேட்டாங்க. மூணு வாரங்க. எனக்கே சந்தேகம் வந்திருச்சு. குவளையக் கையில வெச்சுக்கிட்டுப் பாக்கறேன், சொட்டு இல்ல. வெயிலு சுள்ளுனு அடிக்குது. ஆனா பேஞ்சிருக்குதுன்னு சொல்றாங்க. என் கண்ணு கெட்டுப்போச்சா, புத்தி கெட்டுப்போச்சான்னு ஊட்டுல உக்காந்து அழுதேனுங்க. அப்பறம் அவிக சொன்னதையே எழுதிட்டேன்.”

நோட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன்.

ஆனால் அவர் அழிக்கவில்லை. மழை நோட்டில் அழிப்பான் படக் கூடாது என்பது அந்த வேலையின் வழக்கம். எண் தவறானால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பழையது படிக்கத் தெரிய வேண்டும், புதியதைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். பயந்து எழுதிய நாளிலும் பழனியம்மா அதை மீறவில்லை. கோட்டுக்கு அடியில் அவருடைய சொந்த எண்கள் அத்தனையும் இருந்தன. ஒவ்வொன்றாக, நான் கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியின் அறிக்கைகளோடு ஒத்துப் பார்த்தேன். எல்லா நாளிலும் பெட்டியின் எண், அதே நேரத்துக்கு அவர் எழுதிய எண்ணுக்கும் அடுத்த அரை மணிக்கு எழுதிய எண்ணுக்கும் நடுவில் வந்து விழுந்தது. ஒரு நாள்கூட அதற்குக் கீழே இல்லை, மேலே இல்லை. முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை அவர் எழுதியதுதான் சரி. எழுதும்போது பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒன்றைத்தான் என் கெர்னலும் செய்துகொண்டிருந்தது, அதை வீண் என்று சொல்லி நிறுத்தியவள் நான்.

மூன்றாம் முறை பாறை ஏறினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சரி மேடம், திருத்தத்தை அமைதியா மாத்திடலாம். ஆனா அந்தம்மா மூணு நாள் எண்ணை மாத்தியிருக்காங்க இல்லையா, அது உண்மைதானே? அதை மட்டும் எழுதுங்க. அவங்களை நீக்குற கடிதம் திட்ட ஆபீசுல தயாராவே இருக்கு.”

“மாத்த வெச்சது நாம.”

“உங்க பேர் வெளியே வரும். ஓய்வு பெற இன்னும் சில மாசம்தான் இருக்கு. யோசிங்க.”

யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. கைதட்டிய மேடை, என் பெயர் போட்ட கேடயம், எல்லாம் கண்முன் வந்தது. பாறையில் உட்கார்ந்து போனிலேயே அறிக்கையைத் தட்டினேன். தவறு என்னுடைய திருத்தத்தில், எந்த வரியில், எதனால் என்று எழுதினேன். மழைமானி பார்ப்பவரின் முதல் அளவுகள் எல்லாம் சரி, மூன்று நாள் திருத்தியது நம் வற்புறுத்தலால் என்று எழுதினேன். திட்ட அலுவலகத்துக்கும் மேலாளருக்கும் ஒன்றாகவே அனுப்பினேன். பெட்டியின் மெமரிச் சிக்கலுக்குப் பின்னாளில் வேறு வழி கண்டோம். முழுப் பக்கத்தையும் மோடத்திடம் பிடித்துக் கொடுக்காமல், அனுப்ப வேண்டிய நாலு வரியை மட்டும் தனியே நகல் எடுத்துக் கொடுத்தோம். நகல் எடுப்பதும் சிக்கனமாக இருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாறையிலேயே காத்திருந்தேன், மூன்று மணிக்குள் திட்ட அலுவலகமே என்னைக் கூப்பிட்டது. பழனியம்மா வேலையில் தொடரட்டும் என்றார்கள். இறங்கி வந்து அவரிடம் சொன்னேன். பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, “ஆபீசுக்குச் சொல்லிப்போட்டீங்க. ஊருக்கு யாருங்க சொல்றது? வாங்க” என்று மேலே நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் கீழே போகும் வண்டிக்காகப் பத்துப் பதினைந்து பேர் பலாப்பழ மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கண்ணும் எங்கள்மேல். கெர்னல், பக்கம், மோடம் எதுவும் அங்கே உதவாது. “அந்தப் பெட்டிக்கு மழை வர்றது முன்கூட்டித் தெரியாதுங்க. அது அனுப்ப வெச்சிருந்த பழைய கடுதாசியில, பின்னால பேஞ்ச மழையையும் சேத்து எழுதுற மாதிரி நான் தப்பாச் செஞ்சுட்டேன். இவங்க எழுதினதுதான் சரி. இவங்க பொய் சொல்லல, பூசையும் போடல” என்றேன். வார்த்தைகள் வரச் சிரமப்பட்டன. எத்தனையோ மேடையில் பேசியவள்தான்.

“அப்ப பொட்டிக்குள்ள ஒண்ணும் இல்லீங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“என் தப்பு இருந்துச்சுங்க. நாளைக்கு எடுத்துடுவோம்.”

பெரியவர் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். “அது சரி, மேடமே சொல்றாங்கல்ல” என்றது ஒரு குரல்.

பழனியம்மா வெடித்தார். “மூணு வாரமா நான் இதையேதானே சொன்னேன்? மழை இல்லீங்க, மழை இல்லீங்கன்னு கத்துனேனே! அப்பப் பேயின்னீங்க, பித்துன்னீங்க. தப்புப் பண்ணுனவிக வந்து ஒருக்காச் சொன்னதும் தலைய ஆட்டறீங்க!”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்களையுந்தானுங்க. பாறை மேல நின்னு போன் பேசிட்டு இறங்கி வந்தீங்களே, அப்ப பொட்டியப் பாக்கல நீங்க. என் மூஞ்சியத்தான் பாத்தீங்க.”

உண்மை. அந்த அரை நொடியில், பூட்டும் சாவியும் எனக்குத் தெரிந்திருந்தும், என் திருத்தத்தைச் சந்தேகிப்பதைவிட அவரைச் சந்தேகிப்பது எனக்கு எளிதாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டதாகவோ கேட்காததாகவோ அவர் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றரை அளவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, நோட்டோடு பள்ளத்துக்குள் இறங்கிப் போனார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், மூட்டையோடு ஏறியவர்கள் பின்னால் போய் நின்றார்களே தவிர, என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.